இருபத்தேழு அம்புக்குறிகள்

தமிழில் வீடியோ கேம்களுக்கு நேர்மையாக மதிப்பெண் போடும் ஒரே மனிதன் நான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. இரத்த வகையைக் கேட்டால் சொல்வதுபோலச் சொல்கிறேன். மூன்று வருடங்களில் நூற்றுப் பன்னிரண்டு கேம்களைக் கடைசிவரை ஆடி முடித்து எழுதியிருக்கிறேன். எல்லாம் ரோல் பிளேயிங், ஸ்ட்ராடஜி வகைதான். வெறுமனே சுட்டுத்தள்ளும் கேம்களை நான் தொடுவதில்லை. பத்துக்கு ஏழைத் தாண்டி எதற்கும் போட்டதில்லை. ஏழும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் எனக்கு டெங்கு வந்திருந்த வாரம்.

இணையத்தில் என் பக்கத்தின் பெயர் 'ரிஜெக்ட் பெட்டி'. ராஜ்கமல் என்று என் பெயரைச் சொன்னால் எங்கள் கல்லூரி முதல்வருக்குக்கூடத் தெரியாது. 'ரிஜெக்ட் பெட்டி' என்று சொன்னால் பெங்களூரிலிருந்தெல்லாம் திட்டுவார்கள். நாடு தீப்பற்றி எரியும்போது ராஜா கதாநாயகனைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு காளான் பறித்துவரச் சொன்னால், 'ராஜாவுக்குப் பசி. மூன்று மதிப்பெண்' என்று எழுதுவேன். எதிரி அரசன் போர் அறிவித்துவிட்டு வருடத்துக்கு ஒரு படகு அனுப்பினால், 'படகு வாடகைக்கு எடுத்தது போலிருக்கிறது' என்று எழுதுவேன். நல்லதை மறைக்கவும் மாட்டேன். இசை நன்றாக இருந்தால் இசை நன்று என்று எழுதிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆடவும் என்று சேர்ப்பேன்.

மற்ற விமர்சகர்கள் அப்படியில்லை. கேம் இலவசமாக வந்தால் எட்டு. கூடவே ஒரு டி-ஷர்ட் வந்தால் ஒன்பது. அந்த டி-ஷர்ட்டைத் தைத்தது எங்கள் ஊர் திருப்பூராகவே இருக்கும் என்பதில் எனக்குக் கூடுதல் அவமானம். அவர்களுக்கு 'உரிக்கிற கூட்டம்' என்று நான்தான் பெயர் வைத்தேன். அந்தப் பெயரை அம்மாவின் வேலையிலிருந்து எடுத்தேன்.

அம்மா பெயர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, கல்யாணமான வருடமே திருப்பூருக்கு வந்தவள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வரும் டி-ஷர்ட்டை விளக்கு வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து, குனிந்து பார்க்க வேண்டும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் திருத்தத்துக்கோ ரிஜெக்ட் பெட்டிக்கோ போகும், ஒட்டாதது பாஸ். ஆனால் ஷிப்மென்ட் நாளில் லாரி வாசலுக்கு வந்துவிட்டால், ஃப்ளோர் இன்சார்ஜ் அன்புசெல்வி மேடம் மேஜை மேஜையாக வந்து மிக மரியாதையாகச் சொல்வார்: "ஸ்டிக்கரக் கொஞ்சம் உரிச்சு விட்டுருங்க அக்கா, வண்டி நிக்குதுங்க." உடனே ஒட்டியவர்களே உரித்து, பாஸ் பெட்டியில் போடுவார்கள். ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.

ஷிப்மென்ட் நாட்களில் அம்மாவின் நக இடுக்கில் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். சாயங்காலம் டீ குடிக்கும்போது நான் அதைத்தான் பார்ப்பேன்.

"இன்னைக்கு ஒட்டுனதா, உரிச்சதாம்மா?"

"ரெண்டுந்தேன்."

"ஒட்டவும் சம்பளம், உரிக்கவும் சம்பளம். ஒன்னைய மாதிரி ஆளுக எங்க லைன்லயும் இருக்காய்ங்க."

"வந்து நின்னு பாரு. லாரிக்காரன் ஹாரன் அடிக்கயில ஓட்டையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுடா."

"எனக்குத் தெரியும்."

"தெரியும் தெரியும். உக்காந்து திங்கிறவனுக்கு எல்லாந்தேன் தெரியும்."

இதை அப்படியே விட்டிருக்கலாம். நான் 'உரிக்கும் கலை' என்று ஒரு கட்டுரை எழுதினேன். பதினான்கு வருடம் அனுபவமுள்ள ஒரு செக்கரம்மாவிடம் தமிழ்நாட்டு கேம் விமர்சகர்கள் பயிற்சி எடுத்தால் எப்படியிருக்கும் என்பதுதான் விஷயம். என் பக்கத்தில் அதிகம் பேர் படித்தது அதுதான். அம்மாவும் என் போனை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள்.

"இது நான்தான?"

"பேரு போடலம்மா."

"பேரு எதுக்கு? அதேன் வேலையப் போட்டுருக்கியே."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனைத் திருப்பித் தரும்போது திரையைச் சேலையால் துடைத்துத் தந்தாள்.

அதற்கு மூன்றாவது வாரம் கம்பெனிக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் ஒரு லாட் வந்தது. அறுநூறு பீஸ். கழுத்துப்பட்டி ஓரத்தில் வரிசையாக ஊசி ஓட்டை. இரண்டு சலவையில் கிழியும். லாரி வாசலில் நின்றது. அன்புசெல்வி மேடம் வழக்கமான மரியாதையோடு வந்தார். எல்லோரும் உரித்தார்கள், அம்மா உரிக்கவில்லை.

"'ஓட்டை இருக்குல்ல மேடம், இருக்கயில எப்படி உரிக்க'ன்னேன்," என்றாள் வீட்டுக்கு வந்து. "எல்லாம் என் மூஞ்சியவே பாக்குறாய்ங்க."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பெறகு நீ எழுதிருவேல்ல."

எங்கள் ஊரில் யாரையும் வேலையை விட்டு நீக்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. "கூப்புடறோமுங்க, அதுவரைக்கும் ஊட்டுல ரெஸ்ட் எடுங்க" என்பார்கள். அம்மாவை ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். ஆர்டர் குறைந்துபோயிருந்த வருடம் அது. அப்பா ஓவர்லாக் டெய்லர். அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்தது. வீட்டில் முழுச் சம்பளம் என்று வந்துகொண்டிருந்தது அம்மாவுடையது மட்டும். அம்மா வேறு நான்கு கம்பெனிகளில் ஏறி இறங்கினாள். நான்கிலும் செக்கிங்குக்கு ஆள் எடுக்கவில்லை. இருப்பவர்களையே ரெஸ்ட் எடுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினோரு நாள் அவள் வீட்டில் இருந்தாள். என் சட்டைகளை எல்லாம் விரித்துப் போட்டுப் பிசிர் நூல் வெட்டினாள். தலையணை உறையில் தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அறைக்குள் வந்தால் பேச்சை மாற்றினாள்.

பன்னிரண்டாம் நாள் வேல்குமார் போன் செய்தார். அம்மா வேலை பார்த்த கம்பெனி முதலாளியின் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்.

"வணக்கமுங்க, ரிஜெக்ட் பெட்டிங்களா? உங்க ரிவ்யூ ஒன்னு விடாம படிப்பேனுங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போகுமுங்க."

"நன்றிங்க."

"நானே பண்ணுன கேம் ஒன்னு வருதுங்க. தமிழ்ல மொத ரிவ்யூ நீங்கதான் எழுதோணும். நேர்மையா எழுதோணும், அதானுங்க வேணும்."

"அதுக்குத்தாங்க இருக்கோம்."

"அம்மா நம்ம கம்பெனிலதான் இருக்காங்களாமா? அன்புசெல்வி சொன்னாங்க. ரொம்ப சந்தோஷமுங்க."

'இருக்காங்க' என்றார். 'இருந்தாங்க' என்று சொல்லவில்லை. அன்று முழுவதும் நான் அந்த ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமின் பெயர் 'நூலரசு'. ஒரு ஷெட்டில் நான்கு தையல் மிஷினோடு தொடங்கி ஏற்றுமதிச் சக்கரவர்த்தி ஆக வேண்டும். கதாநாயகனுக்கு மூன்று சக்திகள்: பேச்சு, பொறுமை, பேங்க் லோன். நடுவில் காதர்பேட்டையைப் போர் செய்து பிடிக்க வேண்டும். பனியன் மொத்த வியாபாரிகள் கையில் ஈட்டியோடு கடைக்குக் கடை நிற்கிறார்கள். பேசினாலே பத்து பர்சன்ட் குறைத்துத் தருகிற மனிதர்களுக்கு எதற்கு ஈட்டி என்று முதல் குறிப்பை எழுதினேன்.

சனிக்கிழமை காலை அம்மா என் பின்னால் வந்து நின்றாள். அதற்குமுன் அவள் என் கணினித் திரையைப் பார்த்ததே இல்லை.

"இந்தச் சத்தம்," என்றாள். "நாலாவது லைன் மிஷினுடா. பெல்ட்டு லூசு. எங்க கம்பெனிலயே புடிச்சிருக்கான்."

உண்மையில் கேமில் ஆகச் சிறந்த விஷயம் அந்தச் சத்தம்தான். தகரக் கூரையில் மழை விழுவதும் அதற்கு நடுவே மிஷின்கள் ஓடுவதும் காதுக்கு அப்படியே வீரபாண்டியாக இருந்தன. எழுதிக்கொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள்.

"என்னடா, ஆளுக சாப்பிடவே இல்ல?"

"ஒரு டீ வாங்கிக் குடுத்தா மூணு நாள் வேலை பாப்பாங்களாம்."

"எழுது. அப்பறம்?"

"பாதிப்பேர அனுப்பிட்டா மீதிப்பேருக்கு விசுவாசம் ஏறுதும்மா. இது பெரிய தப்பு."

அவள் யோசித்தாள். "அத எழுதாத. அது சரியாத்தேன் போட்டுருக்கான்."

பிறகு, "இங்கிட்டுத் திருப்பு, செக்கிங் எங்க?" என்றாள். திருப்பினேன். நீண்ட மேஜையில் ஐந்து பெண்கள் நின்றார்கள். டி-ஷர்ட்டுகள் அவர்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து பேரும் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒருத்திகூடக் குனியலையேடா. குனியாம எப்படிப் பாப்பாளுக?"

நான் சோதித்தேன். மழுங்கிய ஊசியைப் போட்டு ஆயிரம் பீஸ் தைக்க வைத்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்த உலகத்தில் ரிஜெக்ட் பெட்டியே கிடையாது. ஐந்து செக்கர்களையும் நீக்கிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை, லாபம் மட்டும் ஏறியது. இதுதான் கேமின் ஆணிவேரில் இருந்த கோளாறு. தப்பே நடக்காத கம்பெனியை ஆள்வதற்கு என்ன தந்திரம் வேண்டும்? எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சக்கரவர்த்திதான். நூற்றுப் பன்னிரண்டு கேம் ஆடிய எனக்கு இது தெரிய நான்கு மணிநேரம் ஆகியிருக்கும். அம்மா உட்கார்ந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"இதத்தேன் மொதல்ல எழுதணும்," என்றாள். எழுந்து போய்த் தன் வேலைப் பையைத் துழாவி, அரைத் தாள் ஸ்டிக்கர் எடுத்து வந்தாள். ஓர் அம்புக்குறியை உரித்து, திரையில் அந்த ஐந்து பெண்கள் நிற்கும் இடத்தில் ஒட்டிவிட்டாள்.

"மறந்துறாம இருக்கும்."

அன்றும் ஞாயிறு காலையிலும் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இடையில் அவள் கேட்டாள், "இதுக்குத்தேன் ராப்பகலா உக்காந்திருக்கியா? நல்ல வேலைதான்டா." என் மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம் அது. இருபத்தேழு குறைகள் சேர்ந்தன. முதலாவதாக அம்மாவுடையதை வைத்தேன். பத்துக்கு மூன்றரை.

பகல் ஒரு மணிக்கு வேல்குமார் கூப்பிட்டார்.

"சாப்ட்டாச்சுங்களா?"

"இனிமேத்தாங்க."

"அம்மாவ நாளைக்கு வரச் சொல்லிருங்க. அன்புசெல்வி கூப்புட மறந்துட்டாங்களாமா, நாந்தான் சத்தம் போட்டேன். அதுக்கும் இதுக்கும் ஒன்னும் சம்பந்தமில்லீங்க."

"சரிங்க."

"ரிவ்யூ சாயங்காலம் வந்துருமுங்களா? நாளைக்கு ஆபீஸ்ல எல்லாருத்துக்கும் காட்டோணும்னு அப்பா ஆசைப்படறாரு. கொறை இருந்தா எழுதுங்க. நமக்கு நேர்மைதானுங்க முக்கியம்."

"ஆமாங்க."

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், நான் நின்றுகொண்டு பேசியிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"நீ எழுதுறதுக்காகக் கூப்புடுறாய்ங்களா?"

"சம்பந்தமில்லையாம்."

"அப்ப எழுதுனத அப்படியே போட்டுரு. எனக்குன்னு பாக்காத."

உறுதியாகத்தான் சொன்னாள். சொல்லும்போது கம்பெனி அடையாள அட்டையை எடுத்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் அதில் அவ்வளவு தூசி சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. பிறகு நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை வாசல்படிக் கல்லில் தீட்டப் போனாள். அந்த உரசல் சத்தம் என் அறைவரை கேட்டது.

நான் கணினி முன் உட்கார்ந்தேன். போனில் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்து விழுந்தது. வேல்குமார்.

கடைசியிலிருந்து தொடங்கினேன். இருபத்தேழாவது, எழுத்துரு சிறியது. அதை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இருபத்தாறு, இருபத்தைந்து. காதர்பேட்டை ஈட்டியை 'துணிச்சலான கற்பனை' என்று மாற்றினேன். சாப்பிடாத தொழிலாளர்கள் போனார்கள். பேங்க் லோனைப் பற்றி நான் எழுதியிருந்த நல்ல நகைச்சுவை ஒன்றும் போனது. அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தேன். சத்தத்தைப் பற்றிய பத்தியை மேலே கொண்டுவந்து நீட்டினேன். அது உண்மைதானே. பெல்ட் லூசு என்பதை மட்டும் எடுத்தேன்.

முதலாவது மிச்சமிருந்தது. 'இந்த கேமில் செக்கிங் பெண்கள் குனிவதில்லை.' கர்சர் அதன் முடிவில் நின்று துடித்துக்கொண்டிருந்தது. வெளியே உரசல் சத்தம் நின்றுவிட்டது. கத்தரியின் கூர்மையைச் சோதிக்க ஏதோ நூலை வெட்டிப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

அழித்தேன். மூன்றரையை எட்டரை ஆக்கினேன். வெளியிட்டேன்.

அம்மா உள்ளே வருவதற்குள் திரையிலிருந்த அம்புக்குறியையும் எடுத்துவிட வேண்டியிருந்தது. இரண்டு நாள் சூட்டில் நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தைக் கொடுத்து ஓரத்திலிருந்து மெல்லக் கிளப்பினேன். முழுதாக வரவில்லை; ஒரு சிவப்புத் துணுக்கு நக இடுக்கில் தங்கிவிட்டது.

"எழுதியாச்சாடா?" என்றாள் வாசலில் நின்று.

"ஆச்சும்மா," என்றேன், கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு.