மாதம் ஐம்பது பவுண்டு

தட்டில் வைத்திருந்த பிஸ்கட்டுகளில் இரண்டை, உறையைப் பிரிக்காமலே, கீத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதை லொரைன் பார்த்தாள். பார்க்காததுபோல் இருக்க அவளுக்கு இருபத்தாறு வருடப் பழக்கம் இருந்தது. அவன் எடுப்பதுகூட அவளுக்கு இப்போதெல்லாம் வெட்கமாக இல்லை. எடுத்தபிறகு, பெரிய காரியத்தைக் கச்சிதமாக முடித்தவன்போலப் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வான். அதைத்தான் சகிக்க முடியவில்லை.

ஸ்டாக்போர்ட்டின் அந்த வங்கி அறையில் எதிரே உட்கார்ந்திருந்த பெதனிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டுக் கடனின் பழைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டு. லொரைனின் அத்தை ஈனிட் அவள் பெயருக்கு விட்டுப்போன நாற்பதாயிரம் வங்கியில் இருக்கிறது. பெதனி இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள்.

"சாதாரணக் கடன்னா வட்டி கம்மி. அந்த நாற்பதாயிரத்தை இப்பவே கட்டிடலாம். ஆனா கட்டினது கட்டினதுதான், திரும்ப எடுக்க முடியாது. ஆஃப்செட் கடன்ல பணம் சேமிப்புக் கணக்குலயே இருக்கும், அந்தத் தொகைக்கு நாங்க வட்டி போடமாட்டோம், வேணும்னா எடுத்துக்கலாம். அந்த வசதிக்கு வட்டி விகிதம் கொஞ்சம் கூட."

"எவ்வளவு கூடன்னு நான் சொல்றேன்" என்று கீத் தன் தாளை விரித்தான். அலுவலக அச்சுப்பொறியில் திருட்டுத்தனமாக எடுத்துவந்தது. "வருஷத்துக்கு அறுநூறு. மாசம் அம்பது பவுண்டு. நம்ம பணத்தை நாமளே தொட நமக்கு வாடகையா? நல்லா இருக்கும்மா உங்க வியாபாரம்!"

பெதனி சம்பளத்துக்குச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள். "பணம் எதுக்காவது சீக்கிரம் தேவைப்படுமா? அதைப் பொறுத்துத்தான்."

"இவளுக்கா?" கீத் மனைவியின் முழங்காலைத் தட்டினான், பையைத் தட்டிய அதே கையால். "இவளுக்கு என்ன செலவு வந்துடப்போகுது?"

தேவை என்னவென்று சொல்ல முடியாததுதான் அவளுடைய தேவை. ஒருமுறை அந்தப் பணம் கடனுக்கென்று வீட்டின் சுவருக்குள் போய்விட்டால், அது ஈரம் பூத்த காரையாகவும் அவன் தானே ஒட்டிய, ஒரு வரிசைகூட நேராக இல்லாத குளியலறை ஓடாகவும் மாறிவிடும். வெளியே இருக்கும்வரைக்கும் அது ஒரு கதவு. இரண்டு வருடங்களாகக் குளியலறையில் தாழிட்டுக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, கைபேசியில் அந்த நாற்பதாயிரம் என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீத்தை அவள் இகழ்ந்ததில் பாதியைத் தனக்கும் எடுத்துவைத்திருந்தாள். துணிச்சல் உள்ள ஒருத்தி முப்பத்தைந்து வயதிலேயே பேருந்துக் காசோடு கிளம்பியிருப்பாள். இவள் நாற்பதாயிரம் வந்தபிறகும் அவன் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் கதவு வேண்டும். அதற்கு இந்த மனிதனின் கையெழுத்தும் வேண்டும்.

"சமையலறை" என்றாள்.

கீத் திரும்பிப் பார்த்தான்.

"பின்பக்கம் இழுத்துக் கட்டலாம்னு நினைச்சேன். கண்ணாடிக் கூரையோட. பக்கத்து வீட்ல ஓல்ட்ராய்ட் கட்டியிருக்காரே, அதைவிடக் கொஞ்சம் பெருசா."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. மூன்று வருடங்களாக ஓல்ட்ராய்டின் கண்ணாடிக் கூரை கீத்தின் தொண்டையில் சிக்கியிருந்தது. அவன் கண்களில் வீட்டின் விலை ஏறுவதை அவள் பார்த்தாள். இவ்வளவு சுலபமா இவன் என்று ஒரு கணம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இதை முன்னாடியே ஏன் சொல்லல கண்ணு?" என்றபடி அவன் பேனாவை எடுத்தான்.

"கணக்கு என் பேர்ல மட்டும்தானே இருக்கும்?" என்று லொரைன் பெதனியிடம் கேட்டாள்.

"உங்க பேர்ல மட்டும்தான். நீங்க மட்டும்தான் எடுக்க முடியும்." பெதனி இம்முறை சிரிக்கவில்லை. ஒரு நொடி அதிகமாக அவளைப் பார்த்துவிட்டு ஆஃப்செட் தாளை நகர்த்தினாள்.

பொய்யை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் லொரைன் நினைத்தாள். இலவச மதிப்பீடு என்ற சொல்லுக்கு முன்னால் கீத் என்ன ஆவான் என்பதை அவள் மறந்துபோனாள். மூன்று வாரத்தில் மூன்று கட்டடக்காரர்கள் வந்துபோனார்கள். மூன்றாமவனுக்குக் கீத் தேநீரோடு வங்கி பிஸ்கட்டைக் கொடுத்தான். அந்த ஆள் முப்பத்தெட்டாயிரம் சொன்னான்.

"பாத்தியா?" என்று கீத் கூவினான். "ரெண்டாயிரம் மிச்சம்! உங்க அத்தை கணக்குப் போட்டே வச்சுட்டுப் போயிருக்கா. திங்கக்கிழமை முன்பணம் நாலாயிரம் அனுப்பிடு. உன் கணக்குல இருந்து நீதானே அனுப்பணும்."

"யோசிக்கலாம்."

"யோசனை எல்லாம் நான் பண்ணியாச்சு."

சனிக்கிழமை காலை, ஈரப் புல்லில் அவளை நிறுத்தி, அளவு நாடாவின் முனையைக் கையில் கொடுத்தான். அவள் வேலியோடு ஒட்டி நின்றாள். அவன் நாடாவை இழுத்தபடி வீட்டை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தான், எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே. வேலிக்கு மேலே ஓல்ட்ராய்டின் தலை தெரிந்தது.

"என்ன கீத், ஊரையே அளந்து வாங்கப்போறியா?"

"உன் கூரைக்கு மேல ஒரு அடி! அவ்வளவுதான்!"

"அதுல மழை பெஞ்சா டிவி கேக்காதும்மா, முட்டாள் அவன்" என்றார் ஓல்ட்ராய்ட், ரகசியம் சொல்வதுபோல, லொரைனிடம்.

கீத் சுவரில் முதுகு முட்டி நின்றான். இரும்பு நாடா இருவருக்கும் நடுவே விறைத்து, காற்றில் லேசாக அதிர்ந்தது. அவன் நாடாவின் பெட்டியை மோவாய்க்கு அருகே பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி எண்ணைப் படிக்க முயன்றான்.

"விட்டுடாத கண்ணு! விட்டா நேரா என் மூஞ்சிக்குத்தான் வரும்!"

அவளுடைய மற்ற கை கோட்டுப் பைக்குள் கைபேசியின் மேல் இருந்தது. நாடாவைப் பிடித்திருந்த கட்டைவிரலின் நகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவன் இன்னும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.