தொட்டால் ஆடிவிட வேண்டும்

1

"மூணு செகண்ட். அப்பாவோட உயிர் உனக்கு அவ்வளவுதானாடா? நான் வர்ற வரைக்கும் பொறுன்னு போன்ல கெஞ்சினேனே!"

கத்தியவள் அக்கா. வாங்கிக்கொண்டவன் தம்பி, சதுரங்க கிராண்ட்மாஸ்டர். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பொதுவான சுவரில் காதை வைத்திருந்தவள் நான். இந்தக் கதை அந்தச் சுவரில்தான் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் உண்மையில் அது...

(பொறுங்கள். தைரியம் வரட்டும்.)

தம்பி ஒரே ஒரு வரிதான் பேசினான்: "தொட்டாச்சுக்கா. தொட்டா ஆடிடணும்."

கல்நெஞ்சன் என்று அன்றே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அவன் விரல்கள் பலகைமேல் பறந்தன'. அடித்துவிட்டேன். விரல் என்ன குருவியா?

ஆளுக்கு மூன்றே நிமிடம் தரும் அதிவேக ஆட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. ராணியையே பலி கொடுத்துவிட்டு ராஜாவை ஓட ஓட விரட்டுவான். தெருவில் அவனுக்குப் பெயர் தந்தி. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பது அந்த விளையாட்டின் சட்டம். அதனால் முடிவெடுக்கும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். வீட்டில் என்ன சட்டை போடுவது என்பதற்கும் அப்படித்தான் நிற்பான்.

3

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அறுத்தால் ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போகலாம், அறுக்காவிட்டால் பொழுது தாங்காது என்றார் டாக்டர். அக்கா ரயிலில், மூன்று மணி நேரத் தொலைவில்.

பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். (பழம் ஒரு சாக்கு.) லிஃப்ட் கதவு திறந்தது. தந்தி பேனாவை எடுத்தான், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். அப்பா மேஜையிலேயே போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அக்காவிடம் சொன்னேன்: "மூணே செகண்ட்மா. நம்ம தந்தி இல்லையா!"

ஆமாம். கதையின் முதல் வரி என்னுடையதுதான்.

4

மறுவாரம் ஆஸ்பத்திரியின் அந்த மாடி நர்ஸைக் கடையில் பிடித்துக் கதையைக் கறந்தேன். அவன் படிவத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றானாம், கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். டாக்டர் இரண்டு தடவை வந்து அதட்டினாராம். முன்னாடியே போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ என்று உச்சுக்கொட்டினாள்.

ஓடிவந்து மாடிப்படியில் அவனை நிறுத்தினேன். நாற்பது நிமிஷத்தை ஏன் அக்காவிடம் சொல்லவில்லை?

"மூணு செகண்டுன்னா அக்காவுக்கு என் மேல கோபம், அதோட போச்சு. நாற்பது நிமிஷம்னா?" என்றான். "பொறுன்னு சொன்னது அவதானே ஆன்ட்டி."

5

முடிவு ஒன்று: அக்கா உண்மை தெரிந்து ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு... சினிமா. கிழித்தாயிற்று.

முடிவு இரண்டு: அக்கா உண்மை தெரிந்து, அன்றைக்கே

(இதை முடிக்க மாட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். அக்கா கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போனாள். கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் இல்லை. தந்தி இப்போதெல்லாம் கட்டிய கையை எடுக்காமல் நேரம் தீர்ந்தே தோற்கிறானாம். வீட்டையும் காலி செய்துவிட்டான். புதிதாக வந்த தம்பதி மெல்லத்தான் பேசுகிறார்கள், எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

புறப்படும்போது அக்கா தன் முகவரியை என் நோட்டில் எழுதினாள். "எங்க வீட்டுக் கதையை எப்படியும் எழுதுவீங்க. எனக்கும் ஒண்ணு அனுப்புங்க ஆன்ட்டி."

எழுதிவிட்டேன். உறை மேஜைமேல் இருக்கிறது, அஞ்சல்தலை ஒட்டி. என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். நீங்கள் வேண்டுமானால் தொடுங்கள்.