பூட்டிய கோயிலின் பெருநாள்

காலை ஐந்தரை மணிக்கே பொதுக் குழாயடியில் வாளிகள் வரிசை பிடித்துவிட்டன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தத் தோட்டத்துக்கு நாற்பத்திரண்டு வீடுகளும் ஒரேயொரு குழாயும்தான். தோட்டம் என்று பெயரே தவிர, பலகையும் தகரமுமாக ஒட்டிக்கொண்டு நின்ற வீடுகளுக்கு நடுவே குடை விரித்து நடக்கவும் இடம் காணாது. குழாய்க்கு எதிரே செபஸ்தியார் சிற்றாலயம். அதன் முகப்பில் ஏணி வைத்து ஏறி நின்று பேர்னாட் நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

“பேர்னாட் அண்ணை, சிலுவைக்கு இன்னொருக்கா அடியுங்கோ! ஞாயிற்றுக்கிழமை பொலிஸ்காரரும் பாக்கப்போறாங்கள்” என்று வரிசையில் நின்ற ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது. அங்கே பாதி வீடுகள் மன்னார்க் கரையோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை. சண்டைக்குப் பயந்து வந்தபோது ஊர்க் கோயிலின் சொரூபத்தையும் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். வந்து எட்டு வருடமாகியும் பெருநாளுக்குச் சொரூபத்தை வெளியே எடுத்ததில்லை. தமிழர் கூட்டமாக வீதியில் இறங்குவதற்கு அந்த நாட்களில் பொலிஸ் அனுமதி கிடைப்பது இலேசல்ல. இந்த வருடம்தான் கிடைத்தது. கோயில் மூப்பரான பேர்னாட் மூன்று மாதம் கடிதமும் கையுமாக அலைந்து, கெஞ்சி, காத்துக் கிடந்து வாங்கியது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குக் கோயிலே வீடாகிவிட்டது.

அன்று புதன்கிழமை. ஒன்பது மணியளவில் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவரைச் சிங்கள மரியாதையோடு எல்லோரும் பி.எச்.ஐ. மாத்தயா என்றே அழைப்பார்கள். சிங்களவர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார்.

“பேர்னாட், பக்கத்து தோட்டத்தில ரெண்டு பேருக்குக் கொலரா. தண்ணி கொதிக்க வச்சு மட்டும் குடிக்கணும். இங்க யாருக்கு சரி வயித்தால போனா எனக்கு ஒடனே சொல்லுங்க.”

பேர்னாட் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். “சொன்னா என்ன நடக்கும், மாத்தயா?”

“பதினாலு நாள் கூட்டம் ஒண்டும் ஏலாது. எங்கட பன்சலை, பள்ளிவாசல், கோயில், எல்லாத்துக்கும் ஒரே சட்டம்.” பி.எச்.ஐ. நீலச் சாயத்தைப் பார்த்தார். “பெருநாள் எனக்குத் தெரியும். அதுதான் கேக்கிறன். இங்க ஒருத்தருக்கும் இல்லதானே?”

“இல்லை மாத்தயா.”

அப்போது அது உண்மைதான்.

வியாழன் காலை எமில்டா வந்து கோயில் வாசலில் நின்றாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் நின்றாள். அவளுடைய புருசன் ஹியூபேட் கிராண்ட்பாஸில் ஒரு பலகை அரியும் மடுவத்தில் வேலை செய்பவன்.

“அண்ணை, இவருக்கு விடிய நாலு மணி துவக்கம் போகுது. தண்ணி மாதிரி. சத்தியும் எடுக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவோ?”

பி.எச்.ஐ. சொன்னது பேர்னாட்டுக்கு நினைவில் இருந்தது. ஆனால் அவருடைய வாய் வேறு கதை சொன்னது.

“நேத்து என்ன சாப்பிட்டவன்?”

“கடையில கணவாய்க் கறி.”

“அதுதான். பழுதான கணவாய். ரெண்டு நாளையில சரிவரும்.” குரலைத் தாழ்த்தினார். “எமில்டா, வடிவா யோசிச்சுப் பார். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா பி.எச்.ஐ. வருவார். கோயிலைப் பூட்டுவாங்கள். எட்டு வருசத்துக்குப் பிறகு வந்த பெருநாள். அதோட, ஹியூபேட்டின்ர பொலிஸ் பதிவு போன மாசம் முடிஞ்சதெண்டு நீதானே சொன்னனி? ஆஸ்பத்திரியில பேர் எழுதேக்க அதைக் கேட்டா என்ன செய்வாய்?”

கடைசியாகச் சொன்னது அவளைத் தொட்டுவிட்டது. கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவில்லாமல் பிடிபட்ட தமிழர்கள் எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்பது அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் தலையாட்டினாள். பேர்னாட் உள்ளே போய் வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் இரண்டு எடுத்து வந்து கொடுத்தார். கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து அடிக்கடி பருக்கச் சொன்னார்.

“ஒருத்தருக்கும் சொல்லாத. திங்கக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போறன்.”

அவள் போன பிறகு பேர்னாட் மறுபடியும் ஏணியில் ஏறினார். நான் கெட்டது ஒன்றும் செய்யவில்லை, மூன்று நாள் பிந்தினால் உலகம் முடிந்துவிடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஹியூபேட் கொஞ்சம் தேறியிருந்தான். கஞ்சி குடித்தான். பேர்னாட் கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டு நன்றி சொன்னார். அதே நேரம் எமில்டா வழக்கம்போலப் புருசனின் துணிகளைப் பொதுக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாளியோடு நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பேர்னாட். அவர் யன்னல் வழியாக அதைக் கண்டார். கண்டும், கொடித்துணி கட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் மனம் கேளாமல் ஹியூபேட்டின் வீட்டுக்குப் போனார். உள்ளே காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாயில் கிடந்தவனின் கண்கள் குழிவிழுந்திருந்தன. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, ஒரே இரவில் இருபது வயது கூடினவன்போல் இருந்தான். பேர்னாட் அவனுடைய கையைப் பிடித்தார். விரல்கள் குளிர்ந்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியவைபோல் சுருங்கிக் கிடந்தன.

“ஹியூபேட்...”

அவன் மெல்லக் கண்ணைத் திறந்தான். “பயப்படாதேங்கோ அண்ணை. நாளைக்குப் பெருநாள் முடியட்டும். நான் தாங்குவன். என்னால... ஊர்ப் பெருநாள் நிக்கக் கூடாது.”

அவன் ஏசியிருந்தால் பேர்னாட் பொறுத்திருப்பார். எமில்டா அழுது கத்தியிருந்தாலும் ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பார். சாகக் கிடப்பவன் தனக்கு ஆறுதல் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் ஒழுங்கைக்கு ஓடினார். முனையில் தன் வாடகைத் திரீவீலைத் துடைத்துக்கொண்டிருந்த இஸ்ஸதீனிடம் மூச்சு வாங்க நின்றார்.

“இஸ்ஸதீன் நானா, ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். ஒளிக்கேல்லை, சொல்லிப்போட்டுக் கேக்கிறன். கொலரா போலக் கிடக்கு.”

இஸ்ஸதீன் துணியை உதறினான். “அதுக்கென்ன அண்ணே? பொலித்தீன் ஒண்டு சீட்டுல விரிப்பம். பொறகு கழுவினாச் சரி. இதை ஏன் இவ்வளவு மெதுவாச் சொல்றீங்க? தூக்குங்க ஆளை.”

ஆமர் வீதிச் சந்திக்கு அப்பால் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையைக் கேட்டபடி குனிந்து உள்ளே பார்த்த இராணுவச் சிப்பாய், பேர்னாட்டின் மடியில் கிடந்த முகத்தைக் கண்டான். பேர்னாட் சிங்களத்தில் நோயின் பெயரைச் சொன்னார். சிப்பாய் நீட்டிய கையை மடக்கி, “யன்ன, யன்ன” என்று போக வழிவிட்டான்.

தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒருவரும் பொலிஸ் பதிவைக் கேட்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வந்து வேலை செய்யும் டொக்டர் கௌரி கேட்டது ஒன்றே ஒன்று.

“எப்ப துவங்கினது?”

“வியாழக்கிழமை விடிய.”

“இண்டைக்குச் சனி. இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?”

எமில்டா தலையைக் குனிந்தாள். பேர்னாட் ஒரு அடி முன்னே வந்தார்.

“அவ அண்டைக்கே கொண்டு வர நிண்டவ, டொக்டர். நான்தான் வேண்டாமெண்டனான்.”

டொக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். சேலைன் ஏறத் தொடங்கியதும்தான் பேசினார். “இன்னும் அஞ்சாறு மணித்தியாலம் பிந்தியிருந்தா இவரைக் காப்பாத்தியிருக்கேலாது. இவரை நாங்கள் பாக்கிறம். அந்தத் தோட்டத்தில மற்றவையை ஆர் பாக்கிறது? நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, இப்பவே.”

திரும்பி வரும் வழியில் பேர்னாட் ஒரு கடையில் இறங்கி, பங்குச் சாமியாருக்கும் பி.எச்.ஐ.க்கும் தொலைபேசியில் சொன்னார். சாமியார், “கோயிலைப் பூட்டு பேர்னாட். செபஸ்தியார் கோவிக்க மாட்டார்” என்றார்.

தோட்டத்துச் சனம் கோயில் முன்னால் கூடியது. ஹியூபேட்டுக்குக் கொலரா, பெருநாள் நடக்காது என்று கேட்டதும், பெருநாள் சபைச் செயலாளர் நோபேட் வெடித்தான்.

“எட்டு வருசம் காத்திருந்து, அனுமதியும் எடுத்து, கடைசி நாளில பூட்டுறதோ? எல்லாம் இந்த எமில்டாவால வந்தது. வருத்தக்காரன்ர துணியைக் குழாயில தோய்ச்சிருக்கிறாள்!”

எமில்டா புருசனோடு ஆஸ்பத்திரியில் நின்றாள். ஆனால் அவளுடைய பூட்டிய கதவை எல்லோரும் திரும்பிப் பார்த்த விதம் பேர்னாட்டைச் சுட்டது.

“அவளை ஏசாதேங்கோ” என்றார். “அவள் வியாழக்கிழமையே வந்து கேட்டவள். பெருநாள் நிண்டு போகுமெண்டு நான்தான் மறிச்சனான். பொலிசைச் சொல்லி வெருட்டினதும் நான்தான். அவள் துணி தோய்க்கிறதைக் கண்டுகொண்டும் பேசாம இருந்தனான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ. ஆனா முதல்ல போய், வீட்டில ஆருக்காவது வயித்தால போகுதோ எண்டு பாருங்கோ. இருந்தா ஒளிக்காதேங்கோ.”

ஏசத்தான் ஏசினார்கள். மூப்பர் வேலைக்கு லாயக்கில்லாத ஆள் என்று நோபேட் முகத்துக்கு நேரே சொன்னான். ஆனால் ஏசிக்கொண்டு நின்றவர்களுக்குள்ளேயே ஒரு தாய் முன்னுக்கு வந்து, “என்ர சின்னவளுக்கு நேத்துப் பின்னேரம் துவக்கம்...” என்று அழத் தொடங்கினாள். அவளைக் கண்டு இன்னொருத்தர் கையை உயர்த்தினார். பி.எச்.ஐ. வந்து இறங்கியபோது ஐந்து பேரின் பெயர் தயாராக இருந்தது. அன்று மாலைக்குள் ஐந்து பேரும் ஆஸ்பத்திரியில். குழாயடிக்கு மருந்து தெளித்தார்கள். வீடு வீடாக அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூட்டியே கிடந்தது. பவனி இல்லை, பூசை இல்லை. பேர்னாட் பூட்டிய கதவுக்கு வெளியே தனியாக நின்று ஒலிபெருக்கியில் செபமாலை சொன்னார். முதலில் பதில் வரவில்லை. பிறகு ஒரு வாசலில் இருந்து, அப்புறம் எதிர் வாசலில் இருந்து என்று, பூட்டிக் கிடந்த எமில்டாவின் வாசல் தவிர மற்ற எல்லா வாசல்களிலும் ஆட்கள் நின்று பதில் சொன்னார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் குழந்தைகள். நோயைத் தொடக்கத்திலேயே கண்டதால் ஐவரும் ஒரு கிழமைக்குள் வீடு திரும்பினார்கள். ஹியூபேட் மட்டும் பன்னிரண்டு நாள் கிடந்தான்.

பதினாலு நாள் முடிந்து கோயில் திறந்த அன்று பூசைக்கு அவனும் வந்தான். வாங்குப் பலகையில் அவன் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல விலகிப் போய் வேறு இடத்தில் இருந்தார்கள். பேர்னாட் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, அவனோடு தோள் முட்ட இருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் எமில்டாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். “பிள்ளை, எல்லாருக்கும் முன்னால கேக்கிறன். என்னை மன்னிச்சுக்கொள்.”

எமில்டா அவரைப் பார்த்தாள். விலகி இருந்தவர்களையும் பார்த்தாள்.

“உங்களில மட்டும் பிழையில்லை அண்ணை. நீங்கள் சொல்ல, நானும் ஒளிச்சனான்தானே. இவருக்கு நோய் வருத்தம் வந்தவுடனை, ஏதோ களவு செய்து பிடிபட்ட மாதிரி வெக்கமாக் கிடந்தது. இண்டைக்கும் சிலபேர் எங்களை அப்பிடித்தான் பாக்கினம். வருத்தம் ஆருக்கும் வரும், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. அதை ஒளிக்கிறதும், வந்தவனை ஒதுக்கிறதும்தான் வெக்கக்கேடு. ஒதுக்கினா அடுத்த முறையும் ஆக்கள் ஒளிப்பினம். ஒளிச்சா அடுத்த முறை ஒரு பிள்ளை சாகும்.”

நோபேட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நிற்கச் சீவனில்லாமல் தள்ளாடிய ஹியூபேட்டின் கையைப் பிடித்து, வீடுவரை நடத்திக்கொண்டு போனான்.