முப்பத்தொன்றாம் வரிசை

ஒரே பாடத்தில் நான்கு முறை கோட்டை விட்டவளுக்கு ஆளாளுக்கு ஆலோசனை சொல்வார்கள். அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருபவர்கூட, "தண்ணி நெறைய குடிங்க மேடம், படிச்சது ஞாபகத்துல நிக்கும்" என்றார். ஞாபகம் நிற்காததா என் பிரச்சினை? போய்த் தொலையமாட்டேன் என்கிறதே!

நான் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறேன். எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று கணக்கிடும் பிரிவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு. தேறாத பழைய பாடத்தோடு புதுப் பாடங்களையும் சேர்த்து எழுதலாம். ஆனால் பழையது தேறும்வரை புதியவற்றின் முடிவைச் சொல்லமாட்டார்கள். ஐந்தாவது முறையும் பழையது போனால், எழுதிய அத்தனையும் ரத்து. வேலையும் போகும். எனக்கு இது ஐந்தாவது முறை.

பேருந்தில் புதுப் பாடம், மதிய இடைவேளையில் பழைய பாடம் என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டேன். இடர் மேலாண்மையும் முதலீடும் மளமளவென்று மண்டையில் ஏறின. பழைய பாடத்தின் இறப்பு அட்டவணையைத் திறந்தால் மட்டும் கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பினால் சுவர். யாரோ என்ன யாரோ, என் அண்ணன்தான்.

அந்த அட்டவணையில் வயதுக்கு ஒரு வரிசை. அந்த வயதில் இருக்கும் ஆயிரம் பேரில் ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் இறப்பார்கள் என்று எதிரே போட்டிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அண்ணன் அதை என்னிடமிருந்து பிடுங்கினான்.

"இதுல நான் எங்கடி இருக்கேன், வாலு?"

"முப்பத்தொண்ணு. ஆயிரத்துக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு ரெண்டு. ஆயிரத்துல ஒருத்தர்தான், பயப்படாத."

"அந்த ஒருத்தன் யாருன்னு போடலையே!" என்று சிரித்தான்.

மறுவாரம் அந்தப் பாடத்தின் முதல் தேர்வு. என்னை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு லாரி. நான் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது கண்காணிப்பாளர் வந்து பேனாவை மூடச் சொன்னார். பாதியில் எழுந்து போனாலும் ஒருமுறை எழுதியதாகத்தான் கணக்கு என்றது விதி. விதி எழுதியவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு மூன்று மறுதேர்வு. மூன்றும் போயின. எங்கே சறுக்குகிறது என்று தெரியாமல் விடைத்தாள்களின் நகல் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து விழித்துக்கொண்டிருந்தேன். அண்ணி எதிரே வந்து உட்கார்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள்.

"உன் சூத்திரமெல்லாம் எனக்குப் புரியாது. நம்பர மட்டும் பாக்கட்டுமா?"

"பாருங்க அண்ணி. கெட்டா போயிடப்போகுது?"

"நாப்பத்திநாலு வயசுக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு ரெண்டு போட்டிருக்க. அம்பத்திரெண்டுக்கும் அதே. இருபத்தேழுக்கும் அதே." அடுத்த விடைத்தாளை எடுத்தாள். அதிலும் அதுதான். "எங்க லேப்ல எல்லா ரத்தத்துக்கும் ஒரே ரிசல்ட் வந்தா மிஷின்ல கோளாறுன்னு அர்த்தம்."

சிரித்துக்கொண்டே அட்டவணையைப் புரட்டி, அந்த எண் எந்த வயதுக்கு உரியது என்று விரல் வைத்துத் தேடினாள். விரல் முப்பத்தொன்றில் நின்றது. சிரிப்பும் நின்றது.

தேர்வு மண்டபத்தில் ஒவ்வொரு முறையும் புத்தம் புது அட்டவணை தருகிறார்கள். யார் வயதைக் கேட்டாலும் என் கண் அண்ணனின் வரிசைக்கே போயிருக்கிறது. எனக்கே தெரியாமல்.

அண்ணி அட்டவணையை மூடிவிட்டுச் சொன்னாள்: "மத்தவங்களுக்கும் வயசு இருக்கும்மா." விடைத்தாள்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள். "ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி நாங்க பேர வாய்விட்டுச் சொல்லச் சொல்லுவோம். ஆள் மாறக்கூடாதுன்னு. நீயும் வயச வாய்விட்டுச் சொல்லிட்டு அப்புறம் வரிசைய எடு."

தேர்வில் அப்படியே செய்தேன். உதட்டுக்குள் வயதை முணுமுணுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார், பார்க்கட்டும். நாற்பத்தெட்டுக்கோ அறுபதுக்கோ போக, விரல் முப்பத்தொன்றைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். தாண்டும்போதெல்லாம் கழுத்தில் மூச்சுக்காற்று பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

கடைசிக் கேள்வி: முப்பத்தொரு வயதுள்ள ஆண், ஒரு வருடத்துக்குள்.

கண்ட இடத்திலெல்லாம் தப்பாக எழுதிய எண் அது. இங்கே அதுதான் சரி. கை ஓடவில்லை. நான்கு நிமிடம் இருக்கிறது என்றார்கள். வயதைச் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. மறுபடி முயன்று, சொல்லிவிட்டேன். எழுதினேன். கழுத்துக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

வீட்டில் அண்ணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி எழுதின?"

"தேறிடுவேன் அண்ணி."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"கடைசில முப்பத்தொண்ணு வந்துச்சு. சரியா எழுதிட்டேன்."

கைப்பையை வாங்கிக்கொள்ள வந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு செய்தியைச் சொல்வதுபோல், அவளிடமே சொன்னேன்.

"அண்ணி, அண்ணன் செத்துப்போயிட்டான்."