வெள்ளைத் தாளில் அழுத நரி

“நரிச்சாமிக்கு மட்டும் ஏன் நிழலே விழல?” என்று, நரித் தெய்வத்தைப் பற்றிய கார்ட்டூன் தொடரின் முதல் திரையிடலிலேயே ஒரு குழந்தை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டது. நிழல் விடுபட்டதைக் கவனிக்காமல் விட்டவள் படங்களைத் திருத்தும் சயோகோ. ஆனால் வரைந்த மிசோபே, “என் தப்புதான்” என்று பழியை ஏற்றார். சயோகோ வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து இயக்குநர் இனோமாதாவுக்கு மிசோபேயைக் கண்டாலே ஆகாது.

“இது அழுற நரியாய்யா, நனைஞ்ச துடைப்பமா?” என்று இனோமாதா இன்று அவர் படங்களை மேசையில் எறிந்தார்.

“உங்க கதைக்குத் துடைப்பமே அதிகம்.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. மதியத்துக்குள்ள திரும்ப வரைஞ்சு குடு. அதுலயும் மஞ்சத்தாள் இருந்துச்சுன்னா, நீ வீட்டுக்குக் கிளம்பலாம்.”

திருத்தங்களை மஞ்சள் தாளில் வரைந்து மேலே வைப்பது அந்த ஸ்டூடியோவின் வழக்கம். மிசோபே வீங்கிய மணிக்கட்டோடு வரைந்து முடித்து, உறையைச் சயோகோவின் மேசையில் போட்டார்.

“இந்தா, குத்தம் கண்டுபிடி” என்று முறைத்துவிட்டுப் போனார்.

கோடுகள் நடுங்கியிருந்தன. எல்லாரும் நூடுல்ஸ் கடைக்குப் போனபின், சயோகோ மஞ்சள் தாளை ஒதுக்கிவிட்டு, நரிச்சாமியை மனத்துக்குள் கும்பிட்டபடி, மிசோபேயின் கைவாகிலேயே வெள்ளைத் தாளில் அந்த நரியை வரைந்தாள். அவருடைய தாள்களைத் தன் பைக்குள் மறைத்தாள். தான் வரைந்தவற்றை உறையில் போட்டு இயக்குநர் மேசையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.