மூணாவது கரை வேட்டி

செல்வநாயகிக்கு அலுத்துப்போயிருந்தது. செராமிக் பட்டறையில் நாள் முழுக்கக் களிமண் பொம்மைகளுக்குப் பிசிறு தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், புருஷன் கொளஞ்சிநாதன் போனில் யாரோ அரசியல் பேசுவதைச் சத்தமாக வைத்துக்கொண்டு அவளுக்கும் விளக்கம் சொல்வார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனுஷன்தான் சிவப்புத் துண்டோடு போய், கம்மாபுரத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்த வண்டிகளுக்கு முன்னால் படுத்தார். பதினோரு நாள் ஜெயில். கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவள் அவள். அப்புறம் ஒரு கரை வேட்டி கட்டினார். அது சலித்து இன்னொன்று. இப்போது மூணாவது. ஒவ்வொரு தடவையும் கட்டியிருப்பதுதான் சத்தியம், முந்தினதை நம்புகிறவன் முட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் தம்பி சக்கரபாணி கம்மாபுரத்திலிருந்து வந்தான். சுரங்கத்தை விரிவாக்க அவன் நிலத்துக்கும் நோட்டீஸ் வந்திருந்தது.

"மாமா, வெள்ளிக்கிழமை கருத்துக் கேக்குற கூட்டம். நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும். அன்னைக்கு நீங்க பேசினத ஊரே இன்னும் சொல்லுது."

"குடுத்துட்டுப் போடா. கரண்டு மட்டும் வேணும், நெலம் குடுக்க மாட்டீங்களா? மறிக்கிறவன் எல்லாம் நாட்டுக்கு எதிரி."

சக்கரபாணி டீயைக் குடிக்காமல் அக்காவைப் பார்த்தான்.

"நீங்க மறிச்சப்ப யாருக்கு எதிரியா இருந்தீங்க?" என்றாள் அவள்.

"அப்ப வயசு, உலகம் தெரியல. மனுஷன்னா மாறணும்."

"மாறுங்க, வேணாங்கல. ஒவ்வொரு வாட்டியும் மத்தவங்கள ஏன் திட்டுறீங்க?"

வெள்ளிக்கிழமை அவளே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கூட்டத்தில் மைக்கை வாங்கியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. அந்த எரிச்சலில்தான் வாய் திறந்தது.

"இத்தினி வருஷமா வூட்ல கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னைக்கு நீங்க கேளுங்க."

கிணற்றுத் தண்ணீர் இறங்கினால் யார் பொறுப்பு, சொந்த நிலமில்லாத கூலிக்காரர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டாள். அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். பரிசீலிப்பதாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அவள் வீடு வருவதற்குள் அவள் பேசிய வீடியோ புருஷன் போனுக்கு வந்துவிட்டிருந்தது.

"அன்னைக்கு வண்டிய மறிக்கப் போவாதீங்கன்னு வாசல்ல வுழுந்து அழுதவ தானே நீ?" என்றார் கொளஞ்சிநாதன்.

"ஆமா, அப்ப பயம். நீங்க மட்டும்தான் மாறணும்னு சட்டமா?"

அவர் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். "சோறு?" என்றார்.

"குண்டான்ல இருக்குது, போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்கத் தம்பிக்குப் போன் போட்டாள்.