சைக்கிளுக்குப் பெட்ரோல்

"மேடம், சைக்கிளுக்கு எந்தப் பக்கம் பெட்ரோல் ஊத்தறது?" என்று பார்சல் கொண்டுபோகும் அண்ணன் போனில் கேட்டபோது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் கம்பெனியில் பைக், வேன் ஓட்டுகிறவர்களுக்கு நடுவே சைக்கிளில் போகிறவர் அவர் ஒருவர்தான். டேங்க் காலி என்று சொல்லி, நான் எழுதிய புரோகிராம் காலையிலிருந்து அவருக்கு ஒரு பார்சலும் தரவில்லை.

தப்பு என்னுடையதுதான். எல்லா வண்டிக்கும் பொதுவான பாதி அச்சாக 'வண்டி' என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எழுதி, பெட்ரோல் பார்ப்பதை அதிலேயே முடித்து வைத்திருந்தேன். ஓட்டும் விதத்தை மட்டும் ஒவ்வொரு வண்டியும் நிரப்பிக்கொள்ள வேண்டும். சைக்கிளையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தேன். பெட்ரோல் கவலையும் சொத்தோடு சொத்தாக அதன் தலையில் விழுந்துவிட்டது.

"ஒரே ஒரு சைக்கிள்தானே? டேங்க் ஃபுல்னு போட்டுட்டுப் போம்மா," என்றார் டீம் லீடர்.

"பொய்க்கு மேல பொய் அடுக்க மாட்டேன் சார்."

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்தேன். 'பார்சல் சேர்ப்பவர்' என்று ஓர் இன்டர்ஃபேஸ் எழுதினேன். அதில் இருப்பது ஒரே வாக்கு: கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எப்படி என்று ஒரு வரி கிடையாது. பைக்கும் வேனும் 'வண்டி'யாக இருந்தபடியே அந்த வாக்கைக் கொடுத்தன. 'வண்டி'க் குடும்பத்திலிருந்து எடுத்துவிட்ட சைக்கிள் வாக்கை மட்டும் கொடுத்தது. பார்சல் தருவதற்கு முன் புரோகிராம் இனி கேட்பது அந்த வாக்கை மட்டும்தான். மூன்று மணிக்கு அண்ணனுக்கு முதல் பார்சல் போனது.

லீடர் விடவில்லை. "நாளைக்கு ஒருத்தர் நடந்தே கொண்டுபோறேன்னு வந்தா?"

"வரட்டும் சார். சேத்துடுறேன்னு சொன்னாப் போதும். செருப்பு தேஞ்சுதான்னு நான் கேக்க மாட்டேன்."